கோணிச் சாக்கில் ஒரு பனிக்கரடி: கிரென்ஃபெல் விரிப்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

மிதக்கும் பனிப்பாறையின்மேல் ஒரு வெள்ளைக் கரடி. அதற்குப் பின்னால் கிடைக்கோடுகளாக அடுக்கிய சாம்பல் வானம். கீழே கருநீலக் கடல். சுற்றிலும் கறுப்பில் மெல்லிய கரை. வட அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் ஏலங்களிலும் 'கிரென்ஃபெல் விரிப்பு' என்ற பெயரில் காணக்கிடைக்கும் கைவினைப் பொருள்களில் பலரும் அறிந்த வடிவம் இது. சில அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது ஓவியம்போலத் தெரியும். நெருங்கிப் பார்த்தால், சாக்குத் துணியின் துளை ஒவ்வொன்றிலும் கொக்கியால் மேலே இழுத்து விடப்பட்ட ஆயிரக்கணக்கான குட்டிக் கண்ணிகள் தெரியும். அந்தக் கண்ணிகளில் பல, எங்கோ ஒரு நகரத்தில் ஒரு பெண் அணிந்து, இழை விட்டுப்போனதால் இனி உதவாது என்று கழற்றிப்போட்ட பட்டுக் காலுறையிலிருந்து வந்தவை.

கொக்கி விரிப்பு என்னும் நாட்டார் கைவினையின் நெடிய வரலாற்றிலிருந்து, இன்றைய கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடகோடியிலும் அதையடுத்த லாப்ரடார் கரையிலும் 1906 முதல் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை நடந்ததை மட்டும் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். பெண்கள் தம் வீட்டுத் தரைக்காகத் தாமே வரைந்து செய்துவந்த ஒரு பொருள், வெளியார் வரைந்த வடிவத்தில் வெளியார் வீட்டுச் சுவருக்குப் போகும் சரக்காக மாறும்போது அதன் வடிவமைப்புக்கு என்ன நேர்கிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்தவரை இல்லை.

சாக்கு வந்த வழி

கொக்கி விரிப்பு எங்கே பிறந்தது என்ற கேள்வியில் ஆய்வாளர்களிடையே பழைய வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதி நெசவாலைகளில் மிஞ்சிய நூல்துண்டுகளைச் செருகிச் செய்த மிதியடிகளே இதன் முன்னோடி என்பார் சிலர். அமெரிக்காவின் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களும் கனடாவின் அட்லாண்டிக் மாகாணங்களும் அடங்கிய கரையோரப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தனியாகவே உருவானது என்பார் வேறு சிலர். பிறப்பிடம் எதுவானாலும், அது பரவியதற்கு ஒரு பொருளைக் காரணமாகச் சொல்லலாம். 1850களையொட்டி அட்லாண்டிக் கரையெங்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய சணல் சாக்கே அது. வங்காளத்தில் விளைந்த சணல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளிலும் பின்னர் கல்கத்தா ஆலைகளிலும் சாக்காகி, தானியத்தையும் தீவனத்தையும் சுமந்து அந்தக் கரைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளிருந்த சரக்கு தீர்ந்ததும் சாக்கைப் பிரித்துத் துவைத்தால் விரிப்புக்கு அடித்துணி தயார். லினன் போன்ற முன்பிருந்த நெருக்கமான அடித்துணிகளில் தடித்த துணிப்பட்டையை நுழைப்பது கடினம். சாக்கின் இழைகளுக்கு நடுவே இடைவெளி அகலம் என்பதால், வளைத்த ஆணியை மரப்பிடியில் செருகிய கொக்கியே அதற்குப் போதுமானது. நியூஃபவுண்ட்லாந்தில் இந்தச் சாக்குத் துணிக்கு 'பிரின்' என்று பெயர்.

செய்முறை எளியது. சாக்கை மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஒரு கை துணிப்பட்டையைச் சட்டத்துக்கு அடியில் பிடித்துக்கொள்ள, மறுகை கொக்கியை மேலிருந்து துளைக்குள் விட்டுப் பட்டையை இழுத்து ஒரு கண்ணியை மேலே நிறுத்துகிறது. முடிச்சு கிடையாது, தையலும் கிடையாது. கண்ணிகள் நெருங்கி நின்று ஒன்றையொன்று இறுக்குவதாலும், சாக்கின் இழை அவற்றைக் கவ்விப் பிடிப்பதாலும் மட்டுமே விரிப்பு நிற்கிறது. வீட்டில் கிடந்த கோணி ஒன்றைப் பலகைச் சட்டத்தில் ஆணியடித்து, பழைய பனியனைப் பட்டையாக வெட்டி, குரோஷே ஊசியால் நானும் இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் நிரப்புவதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. அப்போது கைக்குப் புரிந்த ஒன்றைப் பின்னால் வரப்போகும் வாதத்துக்காக இங்கேயே சொல்லிவிட வேண்டும். வளைவாக இழுத்தால் சாக்கின் ஊடும் பாவும் ஒத்துழைப்பதில்லை. துளை தேடித் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஒரே ஊடிழையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நேராகப் போனால் கை தானாக ஓடுகிறது.

வடிவங்கள் விரைவிலேயே விற்பனைப் பொருளாயின. மெய்ன் மாநிலத்தின் பிடஃபோர்டில் ஊர் ஊராகத் தகரச் சாமான் விற்றுத் திரிந்த எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட், 1860களின் பிற்பகுதியில் தகட்டில் அச்சு வெட்டிச் சாக்கில் பூக்களும் சிங்கங்களும் பதித்து விற்கலானார். 1890களில் நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோவில் காரெட் நிறுவனமும் அதே தொழிலில் இறங்கியது. ஆகவே மருத்துவர் வில்ஃபிரட் கிரென்ஃபெல் நடத்திய தொண்டு அமைப்பான கிரென்ஃபெல் மிஷன் இந்தக் கைவினையில் தலையிடுவதற்கு முன்பு நாட்டார் விரிப்பு யாரும் தொடாத தூய வடிவில் இருந்தது என்று கற்பனை செய்துகொள்வது பிழை. கடையில் வாங்கிய அச்சும், தட்டைக் கவிழ்த்து வரைந்த வட்டமும், அடுப்புக்கரியால் தாமே கீறிய கப்பலும் ஒரே வீட்டில் அருகருகே கிடந்தன.

அடுக்களையும் முன்னறையும்

நியூஃபவுண்ட்லாந்தின் சிறு மீன்பிடி ஊர்களில் பெண்களின் ஆண்டுக் கணக்கு 'காட்' என்னும் கடல்மீனைச் சுற்றியே அமைந்திருந்தது. கோடையில் ஆண்கள் பிடித்து வரும் மீனைப் பிளந்து, உப்பிட்டு, பரண்களில் பரப்பி உலர்த்தும் வேலையில் அவர்களின் உழைப்பு கணிசமானது. கடல் உறைந்து கிடக்கும் பின்பனிக்காலத்தில் சட்டங்கள் வெளியே வரும். அதுவே விரிப்புப் பருவம். தேய்ந்த கம்பளிச் சட்டை, கிழிந்த உள்ளாடை, மாவு மூட்டை என மறுபடி உடுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்ட துணியெல்லாம் பட்டைகளாகும். குளிர் ஏறும் மரத்தரைக்கு விரிப்பு இன்றியமையாதது. அலங்காரம் அதற்குப் பிறகுதான்.

அலங்காரத்துக்கும் ஒரு முறைமை இருந்தது. மெமோரியல் பல்கலைக்கழகத்தின் நாட்டாரியலாளர் ஜெரால்ட் போசியஸ் 1970களில் இதைக் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். அந்த ஊர்களில் அடுக்களைக்குள் அண்டை வீட்டார் கதவைத் தட்டாமல் நுழைவார்கள். அங்கே எல்லோரும் சமம். அங்கே விரித்தவை பெரும்பாலும் கட்டங்களும் சாய்சதுரங்களும் திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள். அவை எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. ஒருத்தி மற்றவளை விஞ்ச முனையவில்லை. முன்னறை வேறு உலகம். பாதிரியார், வணிகர் போன்று படிநிலையில் மேலே இருப்பவர் வந்தால் அமரும் இடம் அது. அங்கேதான் பூங்கொத்தும் சுருள்கொடியும், மற்றவர் வீட்டில் இல்லாத தனி வடிவங்களும் இடம்பெற்றன. வடிவமைப்பில் சமூக அமைப்பே தெரிகிறது என்பது போசியஸின் முடிவு.

இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருப்பதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. கட்ட வடிவத்துக்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. சாக்கின் இழைகளை எண்ணத் தெரிந்தால் போதும். கையிலிருக்கும் துணி எந்த நிறமானாலும் எந்தக் கட்டத்திலும் அது அடங்கிவிடும். பூவுக்கு அப்படியில்லை; சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பே வேண்டும். எனவே அடுக்களை விரிப்பு சமத்துவத்தின் வடிவமாக இருந்தது என்றால், தட்டுப்பாட்டின் வடிவமாகவும் அது இருந்தது.

மருத்துவர் வருகிறார்

இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் வில்ஃபிரட் கிரென்ஃபெல், ஆழ்கடல் மீனவர்களுக்கான மிஷன் ஒன்றின் சார்பில் 1892இல் லாப்ரடார் கரைக்கு வந்தார். மருத்துவமனைகள் எழுந்தன, நியூஃபவுண்ட்லாந்தின் வடகோடி ஊரான செயின்ட் ஆன்டனி அவரது பணியின் தலைமையிடமாயிற்று. காசநோயும் ஊட்டக்குறைவும் மருந்தால் மட்டும் தீரக்கூடியவை அல்ல என்று அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். மீனவக் குடும்பங்கள் பருவத் தொடக்கத்தில் வணிகரிடம் மாவும் வெல்லப்பாகும் வலையும் கடனாக வாங்கி, பருவ முடிவில் மீனைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்தன. பல ஆண்டுகள் அந்தக் கணக்கு நேராகவே இல்லை. காசு என்பது கண்ணில் படாத பொருளாக இருந்தது. மீன் உலர்த்திய பெண்ணின் உழைப்பு கணவனின் கணக்கில் கரைந்துபோயிற்று.

கிரென்ஃபெல்லுக்கு இலவசமாகக் கொடுப்பதில் உடன்பாடில்லை. அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் மிஷனுக்கு வந்த பழைய துணிமூட்டைகளைக்கூட ஏதேனும் வேலைக்கு ஈடாகவே கொடுக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. அந்த வேலையை ஏற்படுத்துவதற்காக 1906இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரைச் சேர்ந்த கைவினைஞர் ஜெஸ்ஸி லூதரை செயின்ட் ஆன்டனிக்கு வரவழைத்தார். நரம்புத் தளர்ச்சி உற்ற நோயாளிகளுக்குக் கைத்தொழிலையே சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்த அனுபவம் லூதருக்கு இருந்தது. அவர் தம்முடன் கொண்டுவந்த எண்ணம் தறி நெசவு. தறிகள் வந்தன, பெண்கள் கற்றார்கள். ஆனால் தறி விலையுள்ளது, இடத்தை அடைப்பது, சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்குக் கொண்டுபோக முடியாதது. விரிப்புச் சட்டமோ ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே இருந்தது, கையும் பழகியிருந்தது. கற்றுக்கொடுக்க வந்தவர் கண்டது, கற்றுக்கொடுக்கத் தேவையில்லாத ஒரு திறமை.

அதில் குறை என்று லூதருக்கும் கிரென்ஃபெல்லுக்கும் பட்டது வடிவம் மட்டுமே. அடுக்களைக் கட்டங்களோ கடை அச்சுப் பூக்களோ பாஸ்டனில் விலைபோகா என்று கருதி, வடதிசை வாழ்க்கையைக் காட்டும் படங்களை அவர்கள் வரையத் தொடங்கினார்கள். பனிக்கரடி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, பறக்கும் வாத்துக் கூட்டம், பஃபின் பறவை, பாய்மரக் கப்பல், பனிப்பாறை. கிரென்ஃபெல் தாமே வரைந்தவையும் அவற்றில் உண்டு; நாய்வண்டி அவருக்கு விருப்பமான பொருள். 1908 ஏப்ரலில் நோயாளி ஒருவரைக் காணச் செல்லும் வழியில் உடைந்த பனித்தட்டில் நாய்களோடு கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, அவற்றில் மூன்றைக் கொன்று தோலைப் போர்த்திக் குளிரில் உயிர் தப்பியவர் அவர். அந்தக் கதை அமெரிக்க மேடைகளில் பணம் திரட்டிக் கொடுத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், விரிப்பில் நாய்வண்டி ஏன் அத்தனை முறை வருகிறது என்பது விளங்கும். வாங்குபவர் ஒரு மிதியடியோடு சேர்த்து, தாம் கேட்ட கதையில் ஒரு துண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

காலுறைகள்

வேலை நடந்த விதம் பின்வருமாறு. வடிவம் பதித்த சாக்கும், சாயமேற்றிய துணியும் ஒரு மூட்டையாகப் பெண்களுக்குப் போகும்; முடித்த விரிப்பு மிஷனின் கைத்தொழில் பிரிவுக்குத் திரும்பி வரும்; அங்கே தரம் பார்த்து, ஓரம் மடித்துத் தைத்து, மிஷனின் பெயர் நெய்த துணிச் சீட்டைப் பின்பக்கம் வைத்து விற்பனைக்கு அனுப்புவார்கள். கூலி ரொக்கமாகவும், பெரும்பாலும் துணிமணிக்கான சீட்டாகவும் கிடைத்தது. 1926இல் பிரெஸ்லி-ஸ்மித் என்ற பெண்மணி இந்தப் பிரிவின் பொறுப்பை ஏற்ற பிறகு உற்பத்தி பெருகியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் விரிப்புகள் கப்பலேறின.

அவ்வளவு விரிப்புக்குத் துணி எங்கிருந்து வரும்? உள்ளூர்க் கந்தல் எப்போதோ தீர்ந்துவிட்டது. 1920களில் பாவாடையின் நீளம் குறைந்து, பட்டுக் காலுறையும் செயற்கைப் பட்டான ரேயான் காலுறையும் நகரப் பெண்களின் அன்றாட உடையாகிவிட்டிருந்தன. ஓரிடத்தில் நூல் அறுந்தால் கண்ணி கண்ணியாகக் கணுக்கால்வரை பிரிந்து ஓடிவிடும். ஆங்கிலத்தில் அதை 'ஓட்டம்' என்றே சொல்வார்கள். 'உங்கள் காலுறை ஓடினால் லாப்ரடாருக்கே ஓடட்டும்' என்று அந்தச் சொல்லை வைத்தே மிஷன் விளம்பரம் செய்தது. மூட்டை மூட்டையாகக் காலுறைகள் வந்து குவிந்தன.

இவற்றைப் பட்டையாக வெட்டியதும் பின்னல் துணிக்கே உரிய இயல்பின்படி ஓரங்கள் உள்ளே சுருண்டு, பட்டை தடித்த நூல்போல் உருண்டுகொள்ளும். பனியன் துணியிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் காலுறை அதைவிடப் பலமடங்கு மெல்லியது. கம்பளிக் கந்தலில் கனவிலும் எண்ண முடியாத நுணுக்கம் இதனால் கைகூடியது. சிறந்த விரிப்புகளில் சதுர அங்குலத்துக்கு 200 கண்ணிவரை எண்ணலாம். அதாவது சாக்கின் ஒரு துளைகூடச் சும்மா விடப்படவில்லை. அத்துடன் அந்தக் கண்ணிகள் குறுக்கே, ஊடிழையின் போக்கில், நேர்வரிசையாக இழுக்கப்பட்டவை. நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களின் விரிப்புகளில் பூவிதழின் வளைவை ஒட்டியே கண்ணிகளும் வளைந்து போகும். சில நேரம் கண்ணியின் தலையைக் கத்தரித்து வெல்வெட்போல் ஆக்கியும் இருப்பார்கள். இங்கே கரடியின் முதுகு வளைந்தாலும் கண்ணி வளையாது. முதுகின் வளைவு படிப்படியாக ஏறி இறங்கும் நுண்ணிய படிக்கட்டாகவே உருவாகிறது. அதனால் வானமும் கடலும் பனியும் ஒரே கிடைப்போக்கில் ஒன்றோடொன்று இயைந்து நிற்கின்றன.

கிரென்ஃபெல் விரிப்பின் நிறங்கள் வடதிசை நிலக்காட்சியின் அமைதியைப் பிரதிபலிக்கின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாதி உண்மை. மீதிப் பாதியைக் காலுறையில் தேட வேண்டும். வந்து குவிந்தவற்றில் பெரும்பகுதி தோல் நிறம், இளம்பழுப்பு, சாம்பல். வெளுத்தும் சாயம் தோய்த்தும் பார்த்தாலும் பட்டின் மெல்லிய மினுமினுப்பும் அடிநிறத்தின் மங்கலும் முழுமையாகப் போவதில்லை. ஒரே சாயத்தொட்டியில் இருபது காலுறையைப் போட்டால் இருபது சாம்பல் வரும். அந்த இருபதையும் தனித்தனியே பிரித்து அடுக்கி வானத்துக்கு எதை, கடலின் விளிம்புக்கு எதை என்று தேர்ந்ததில்தான் இந்த விரிப்புகளின் அழகு இருக்கிறது. இந்த நிறங்களும், மேலே சொன்ன நேர்வரிசையும், பனிவெளி என்ற பொருளும் தற்செயலாக ஒன்றுக்கொன்று பொருந்திப்போயின. வெப்பநாட்டு மலர்த்தோட்டம் ஒன்றை இதே காலுறையில் செய்யச் சொல்லியிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும்.

வரைந்தவர் யார், செய்தவர் யார்

இந்த நிகழ்வில் எனக்குத் தீராத உறுத்தல் ஒன்று உண்டு. விரிப்பின் பின்பக்கச் சீட்டில் மிஷனின் பெயர் இருக்கிறது; செய்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் இல்லை. வரைந்தவர் லூதரா, கிரென்ஃபெல்லா, பின்னர் வந்தவர்களா என்று சேகரிப்பாளர்கள் ஆராய்கிறார்கள். சட்டத்தின்முன் குனிந்து ஆயிரமாயிரம் கண்ணிகளை இழுத்தவள் யார் என்பதற்கு அதே அளவு சான்று எஞ்சவில்லை. வரைபவரும் செய்பவரும் ஒருவராக இருந்த கைவினையில் இது புதிய பிரிவினை. நாட்டார் கலை என்ற பெயரில் விற்கப்பட்ட இந்தப் பொருளில் நாட்டார் தீர்மானித்தது எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரை எந்த விரிப்பிலும் வணிகரின் கணக்கேடு இல்லை. காசநோய்ப் படுக்கை இல்லை. வசந்தகாலத்தில் மிதந்து வரும் பனியோடு எப்போதாவது கரைசேரும் கரடி, விரிப்புகளில் அன்றாட அண்டைவீட்டுக்காரனைப்போல நடமாடுகிறது.

எனினும் இதை வெறும் சுரண்டல் என்று எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. மீன் உலர்த்திய உழைப்பு கணவனின் கடன் கணக்கில் மறைந்த ஊரில், விரிப்புக்கான ஈடு அவளுக்கென்று வந்தது. பிள்ளைக்குச் சட்டையும் தனக்குக் காலணியும் வணிகரைக் கேட்காமல் கிடைத்தன. முன்பெல்லாம் காலடியில் தேய்ந்துபோன திறமைக்கு வெளியே ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்ததும் சிறிய விஷயமன்று.

ஒப்பீட்டுக்கு ஒன்று. நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவிலுள்ள அக்கேடியர் எனப்படும் பிரெஞ்சு வழித்தோன்றல்கள் வாழும் ஷெட்டிகாம்ப் என்னும் ஊரில், 1920களில் லிலியன் பர்க் என்ற அமெரிக்கப் பெண் இதேபோன்ற தொழிலை வளர்த்தார். தொலைபேசி கண்டுபிடித்த பெல்லின் குடும்பத்தோடு தொடர்புடையவர் அவர். மங்கிய நிறக் கம்பளி நூலில் பெரிய பெரிய கம்பளங்கள் செய்து நியூயார்க்கில் விற்றார். 1930களில் தீவைச் சுற்றிச் சாலை வந்து சுற்றுலாப் பயணிகள் நேரே ஊருக்குள் வரத் தொடங்கியபின் பெண்கள் பலர் அவரிடமிருந்து பிரிந்து தாமே விற்கலானார்கள். அந்த ஊரின் எலிசபெத் லெஃபோர்ட் பின்னாளில் செய்த கொக்கி உருவப்படங்கள் வெள்ளை மாளிகைவரை போயின. அவற்றில் அவர் பெயர் உண்டு. வடக்கு நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்படியொரு சாலை அப்போது இல்லை. வாங்குபவரைக் கண்ணால் காணாத பெண் யாரிடம் பிரிந்து போவாள்?

மிஷனுக்குள்ளிருந்தே ஒருவர் இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆலை உற்பத்திக்கு எதிராகக் கைவேலையைப் போற்றிய இங்கிலாந்தின் 'கலை, கைவினை' இயக்கத்தைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்த ஓவியர் ரோடா டாசன் 1930களில் வந்து விரிப்புகளுக்கு வடிவம் வரைந்தார். கரடியையும் நாயையும் விட்டு, பனியின் கோடுகளையும் ஊர்களின் அமைப்பையும் ஏறத்தாழ அருவமாக்கிய துணிச்சலான வடிவங்கள் அவருடையவை. விற்பனைக்கு அவை எளிதானவை அல்ல. அதே டாசன், ஊர்ப் பெண்கள் தமக்காகச் செய்த விரிப்புகளைக் கவனித்து, அவற்றை லாப்ரடாரின் நாட்டார் கலை என்று கொண்டு எழுதியும் இருக்கிறார்.

தொழிலின் இறக்கம் விரைவாக நடந்தது. 1929க்குப் பிந்தைய பெருமந்தத்தில் சுவரில் மாட்ட விரிப்பு வாங்குவோர் குறைந்தனர். 1940இல் கிரென்ஃபெல் இறந்தார். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கக் கடைகளில் நைலான் காலுறை விற்பனைக்கு வந்தது. 1941இல் ஜப்பானியப் பட்டின் வரத்து நின்றது. எஞ்சிய பட்டுக் காலுறைகளைப் போர்த் தேவைக்காக அரசே கேட்டுச் சேகரித்தது. லாப்ரடாருக்கு ஓட இனி காலுறை இல்லை. விரிப்பு செய்வது நிற்கவில்லை; ஆனால் அந்த அளவிலும் அந்த நுணுக்கத்திலும் மீண்டும் நடக்கவில்லை.

இன்று அருங்காட்சியகத்தில் நாம் காணும் விரிப்புகள் பெரும்பாலும் சுவரில் மாட்டப்பட்டிருந்தவை. அதனால் நிறம் மங்காமல், கண்ணி தேயாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. அடுக்களைக் கட்ட விரிப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. வாரநாளில் கவிழ்த்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை முகம் மேலாகத் திருப்பி, நைந்ததும் வாசலுக்குத் தள்ளி, அங்கும் உதவாதபோது நிலவறையில் உருளைக்கிழங்கின்மேல் பனி ஏறாமல் மூடினார்கள். வசந்தத்தில் கிழங்கு தீர்ந்ததும், கீழே கிடந்த சாக்கில் எது வடிவம், எது மண் என்று தெரியாது.